ஐயரம்மாவின் வீட்டுக்காரர்

மிஷனரி என்றால் திருநெல்வேலிச் சீமையில் ஓர் உருவம் நிலைத்துப்போயிருக்கிறது. தாடி இருக்கும். கையில் தடி இருக்கும். முதுகுக்குப் பின்னால் காடு இருக்கும். காட்டோரமாக ஒரு சிங்கம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். ஓய்வுநாள் பள்ளியில் படம் காட்டிக் கதை சொன்ன அக்காமார்கள் செய்த வேலை இது. டேவிட் லிவிங்ஸ்டனின் இடது தோளைச் சிங்கம் கடித்தது 1844-இல், தென்னாப்பிரிக்காவில். நான் புறப்பட்டது மலாவிக்கு. அது வேறு நாடு, நடுவில் இன்னும் நாடுகள் இருக்கின்றன என்று வழியனுப்புக் கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. சேகர குரு கண்கலங்கி என் தோளைத் தட்டிக்கொடுத்தார். சரியாக இடது தோளை.

எனக்குத் தாடி வளராது. காட்டுக்கும் எனக்கும் இருந்த உறவு உடைமரக் காட்டோடு முடிந்தது. சிங்கத்துக்குப் பதிலாக இங்கே எங்கள் முற்றத்தில் ஒரு சேவல் இருக்கிறது. அது என்னை மட்டும்தான் கொத்தும். வீட்டம்மா வந்தால் ஒதுங்கி வழிவிடும். இந்த ஒரு பிராணியைக் கவனித்தாலே எங்கள் ஊழியத்தின் நிர்வாக அமைப்பு விளங்கிவிடும்.

நாங்கள் இருப்பது டெட்சா. தலைநகர் லிலோங்வேயிலிருந்து பிளாண்டயர் போகும் எம்-1 நெடுஞ்சாலையில் சுமார் 85 கிலோமீட்டர் வரவேண்டும். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,600 மீட்டர். ஏற்காட்டைவிடக் கொஞ்சம் உயரம். ஜூன், ஜூலையில் மலையிலிருந்து மூடுபனி இறங்கிவந்து படுக்கையறையில் உட்கார்ந்துகொள்ளும். ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்ற விசுவாசத்தில் எங்கள் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஒரு பெட்டி நிறையச் சாமான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். திறந்து பார்த்தால் கையில்லாத பனியன்களும் பனையோலை விசிறிகளும். பனியன்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நான் முதல் குளிர்காலத்தைக் கடந்தேன். விசிறிகளை வீட்டம்மா எடுத்துக்கொண்டாள். இங்கே வீட்டுக்கு வீடு ம்பௌலா என்கிற தகரக் கரியடுப்பு உண்டு. மின்சாரம் போகிற வேளையில், அதாவது சமைக்கிற வேளையில், அதுதான் கதி. கரியை ஊதி ஊதிக் கண் சிவந்திருந்த அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு அவள் ஆளுக்கொரு விசிறி கொடுத்தாள். கொஞ்ச நாளில் தெருவில் பாதி அடுப்பு அவள் கட்சிக்கு வந்துவிட்டது. நான் அப்போது மொழிப்பாடத்தில் சௌக்கியம் விசாரிக்கிற அத்தியாயத்தில்தான் இருந்தேன்.

ஊரார் எனக்கு முதலில் கொடுத்த பட்டம் மிஷனரி அல்ல, கடைக்காரர். மலாவியில் இந்திய முகம் என்றால் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருக்கிற முகம். 1891-இல் பிரிட்டிஷ்காரர்கள் சீக்கியச் சிப்பாய்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்தக் காலத்தையொட்டியே குஜராத்தி வணிகர்களும் வந்தார்கள். நாடு விடுதலை பெற்ற பிறகு, 1970-களில், ஹேஸ்டிங்ஸ் பண்டாவின் ஆட்சியில், சிற்றூர்க் கடைகளை விட்டுவிட்டுப் பெருநகரங்களுக்குப் போகும்படி ஆசிய வணிகர்களுக்கு உத்தரவாயிற்று. அப்படிப் போனவர்களில் ஒருவர் மனம் மாறித் திரும்பி வந்துவிட்டார் என்றுதான் டெட்சாவின் பெரியவர்கள் என்னைப் புரிந்துகொண்டார்கள். கைப்பிரதி கொடுத்தால் பின்பக்கத்தில் விலைப்பட்டியல் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்கள்.

ஒருநாள் முதியவர் ஒருவர் தடியூன்றி வந்து முற்றத்தில் உட்கார்ந்தார். என்னுடைய உறவினர் அந்தக் காலத்தில் தமக்குச் சைக்கிள் டியூப் விற்றதாகவும், ஐந்து தம்பாலா மீதிச் சில்லறை தராமலே ஊரைவிட்டுப் போய்விட்டதாகவும் சொன்னார். நூறு தம்பாலா ஒரு குவாச்சா. 2023 நவம்பரில் மத்திய வங்கி டாலருக்கு 1,180 குவாச்சா என்றிருந்த மதிப்பை ஒரே மூச்சில் 1,700-க்கு இறக்கியது. அதற்குப் பிறகு தம்பாலாவைப் பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டும். நான் கடன் தொகையைப் பற்றிப் பேசவில்லை. வம்சாவளியைப் பற்றிப் பேசினேன். குஜராத்துக்கும் எங்கள் நாசரேத்துக்கும் உள்ள தூரம், இரண்டு ஊர்ச் சாப்பாட்டுக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் விளக்க ஆரம்பித்தேன். வீட்டம்மா உள்ளேயிருந்து ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து, இந்த ஊர்ப் பெண்கள் செய்கிறபடி முழந்தாளிட்டு, இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தாள். கணக்குத் தீர்ந்தது என்று சொல்லி அவர் எழுந்துபோனார். மறுநாளிலிருந்து ஊருக்குச் சந்தேகம் இல்லை. கடை இருக்கிறது. சரக்கு சுத்தம். முதலாளி அந்த அம்மாள்.

திருநெல்வேலியில் 1903-இல் இந்திய மிஷனரி சங்கம் உருவாகக் காரணமாக இருந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் எழுந்து நின்று, மேல்நாட்டு மிஷனரிகள் எல்லாவற்றையும் கொடுக்கிறார்கள், நட்பைத்தான் கொடுக்கக் காணோம் என்கிற கருத்தைச் சொன்னார். அதைக் கேட்டு வளர்ந்தவன் ஆகையால் நட்புக்குத் தயாராகத்தான் வந்தேன். அது விடிகாலை ஐந்து மணிக்கு வரும் என்று அசரியா எந்த இடத்திலும் எச்சரிக்கவில்லை.

இங்கே கதவைத் தட்ட மாட்டார்கள். முற்றத்தில் நின்று “ஓடீ” என்று குரல் கொடுப்பார்கள். உள்ளேயிருந்து “ஓடினி” என்றால் வரலாம் என்று அர்த்தம். பதில் சொல்லாவிட்டால் போய்விடுவார்கள் என்று போர்வைக்குள் இருந்தபடி கணக்குப் போட்டேன். போக மாட்டார்கள், உட்கார்ந்துகொள்வார்கள். வந்த காரியத்தை எடுத்த எடுப்பில் சொல்வதும் மரியாதை அல்ல. எப்படி விடிந்தது, வீட்டில் எப்படி, ஆடு எப்படி, மக்காச்சோளம் எப்படி என்று ஒரு சுற்று வரும். பிறகு நீண்ட மௌனம். கைமாற்றுக் கேட்க வருகிற சித்தப்பா காப்பியைக் குடித்து, வெற்றிலை போட்டு, செருப்பில் கால் நுழைத்த பிறகு தலையைச் சொறிவாரே, அதே நேரத்தில்தான் இங்கேயும் விஷயம் வெளியே வரும்: பள்ளிக் கட்டணம், உர மூட்டை, ஆஸ்பத்திரிக்கு வண்டி. இந்தச் சாஸ்திரம் எனக்குப் பிறவியிலேயே தெரியும். ஆனாலும் முதல் ஐந்து நிமிடத்திலேயே “என்ன விஷயமாக வந்தீர்கள்?” என்று கேட்டுவிடுவேன். வந்தவர்கள் சங்கடத்தோடு, அம்மாள் எழுந்துவிட்டார்களா என்று என்னைத் தாண்டி எட்டிப் பார்ப்பார்கள்.

தண்ணீர் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. ராபர்ட் லாஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1875-இல் மலாவி ஏரிக்கரைக்கு வந்து 1927 வரை இந்த நாட்டில் உழைத்தார். வடக்கே மலை உச்சியில் லிவிங்ஸ்டோனியா என்று ஓர் ஊரையே எழுப்பி, பள்ளி, ஆஸ்பத்திரி, அச்சகம், தொழிற்பட்டறை எல்லாம் வைத்து, நூறு வருஷத்துக்கு முன்பே குழாய்த் தண்ணீரும் நீர்மின் விளக்கும் கொண்டுவந்தார். நான் அவருடைய வாழ்க்கையைப் படித்து உள்ளம் பொங்கி, ஸ்பானரை எடுத்துக்கொண்டு எங்கள் சமையலறைக் குழாயிடம் போனேன். அதுவரை அது சொட்டிக்கொண்டாவது இருந்தது.

ஆகவே கைப்பம்பு. அங்கே வரிசை நீளம். வீட்டம்மா கோவில்பட்டிக்கு வடக்கே கரிசல்காட்டில் பிறந்தவள். தண்ணீர்க்குடத்துக்கு வரிசை போடுவது அவள் படித்த முதல் பாடம். முதல்நாள் அவள் வாளியைத் தூக்கித் தலையில் வைத்து, கையை விட்டுவிட்டு நடந்ததைப் பார்த்து அங்கிருந்த பெண்கள் குலவையிட்டார்களாம். சிச்சேவா மொழியை அவள் கற்றது அந்த வரிசையில்தான்: யார் மருமகள் சரியில்லை, எந்த மாவு மில்லில் அளவு குறைகிறது, எந்த மூப்பர் யாருக்குக் கடன் தரவேண்டும். நான் முறையாகக் கற்றேன். இங்கே பக்கத்து ன்கோமாவில் இருந்த வில்லியம் மரே முன்னின்று மொழிபெயர்த்து 1922-இல் வெளிவந்த வேதாகமத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு கற்றேன். பலன், சந்தையில் உருளைக்கிழங்கு விலை கேட்டாலும் ஏசாயா தீர்க்கதரிசி எருசலேமை நோக்கிப் பேசுகிற தோரணையில் கேட்கிறேன். டெட்சா உருளைக்கிழங்குக்குப் பேர்போன ஊர். விற்கிற பெண்கள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வெளியூர் விலையைச் சொல்வார்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஊரிலிருந்து எழுதிக் கேட்காதவர்கள் இல்லை. ன்சிமா என்பது வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களி. அதற்குத் தொட்டுக்கொள்ள, நிலக்கடலைப் பொடி போட்டு வேகவைத்த பூசணி இலை, அல்லது ஏரியில் பிடித்துக் காயவைத்த உசிபா மீன். உசிபாவைக் கண்ணை மூடிக்கொண்டு மோந்தால் தூத்துக்குடி நெத்திலிக் கருவாட்டுக் கடைக்கே போய்விடலாம். கம்பங்களியும் கருவாடும் தின்று வளர்ந்த ஒருத்திக்கு இதில் என்ன தியாகம் இருக்கிறது? துவரையும் இங்கே விளைகிறது. வருஷத்துக்கு 50,000 டன் மலாவித் துவரையை வாங்கிக்கொள்வதாக இந்தியா 2021-இல் ஒப்பந்தம் போட்டது. பாளையங்கோட்டையில் எனக்காக உபவாசமிருந்து ஜெபித்து முடித்தவர்கள், அன்று சாயங்காலம் எங்கள் ஊர்த் துவரையில் சாம்பார் வைத்தாலும் வைத்திருப்பார்கள்.

மழை நவம்பரில் தொடங்கும். முதல் மழை விட்ட இரவு ஈசல் புறப்பட்டது. தெருவே தட்டு, சட்டியோடு வெளியே ஓடியது. நான் உடனே நோட்டை எடுத்து, பூச்சிகளைப் புசிக்கும் ஜனங்கள் நடுவே நாங்கள் படும் பாடுகள் என்று ஒரு தலைப்பு எழுதினேன். நிமிர்ந்து பார்த்தால் வீட்டம்மா அகலச்சட்டியில் தண்ணீர் நிரப்பி, அதற்கு மேலே விளக்கைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

“எங்க ஊர்ல புத்துக்கண்ணுல துணியைப் போர்த்திப் பிடிப்போம் அத்தான். அரிசி சேர்த்து வறுத்து மடியில கட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போவோம்.”

சிறகைப் புடைத்து நீக்கி, உப்புப் போட்டு வறுத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கள் பக்குவத்தைக் கொண்டுவந்தார்கள். இரண்டையும் மாற்றி மாற்றித் தின்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்கள். நானும் தின்றேன், நன்றாகத்தான் இருந்தது. நோட்டில் எழுதியதை அடிக்கவேண்டியதாயிற்று. மாமியார் வீட்டுப் பலகாரத்தைப் புறஜாதியார் வழக்கம் என்று அச்சடித்து அனுப்பிவிட்டு, விடுமுறைக்குப் போகும்போது எந்த வீட்டுப் பந்தியில் உட்காருவது? எம்-1 சாலை ஓரத்தில் பையன்கள் குச்சியில் கோத்து விற்கிற வயல் எலியைப் பற்றி அவளிடம் நான் பேச்சே எடுப்பதில்லை. அதற்கும் ஒரு பக்குவம் வைத்திருப்பாளோ என்று பயம்.

ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலில் பேசுகிறேன் என்பது உண்மை. வாலிபர் பாடகர் குழு, பெண்கள் குழு, முதியோர் குழு, பக்கத்துக் கிராமத்திலிருந்து நடந்தே வந்திருக்கிற குழு எல்லாம் பாடி முடிக்கிற இடைவெளிகளில் ஒன்று பிரசங்கத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. மற்ற இடைவெளிகளில் அறிவிப்புகள். எதற்கு அதிகக் கவனம் கிடைக்கிறது என்று நான் ஆராய விரும்பவில்லை.

இப்போது என்மேல் நடந்த வழக்குக்கு வருகிறேன்.

இங்குள்ள சேவா மக்கள் பெண்வழிக்காரர்கள். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் மூட்டையைக் கட்டிக்கொண்டு பெண்ணின் ஊருக்குப் போய்க் குடியிருக்கவேண்டும். சிகம்வினி என்பார்கள். நிலம் பெண் வழியில் போகும். பிள்ளைகள் விஷயத்தில் தாய்மாமன் சொல்தான் சொல். நான் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகமாட்டேன் என்று மாமனாரிடம் வீராப்புப் பேசிக் கல்யாணம் பண்ணினவன். ஏழு கடல் தாண்டி வந்து அந்தப் பதவியில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாளுக்கு இங்கே ஏதோ அலுவல், ஐயா கூட வந்திருக்கிறார். ஊர் எங்களை அப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறது. விசாவில் நான் பிரதான விண்ணப்பதாரர், அவள் சார்ந்திருப்பவள் என்று அச்சாகியிருப்பதை ஒரு மூப்பரிடம் காட்டினேன். அரசாங்கக் காகிதத்தில் எப்போதும் பிழைகள் இருக்கும் என்று ஆறுதல் சொன்னார்.

மூன்று மாதத்துக்கொரு முறை ஊருக்கு ஜெபக் கடிதம் எழுதுவது என் பொறுப்பு. எங்களைத் தாங்குகிறவர்கள் பெரும் பணக்காரர்கள் அல்ல. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை மிஷனரிக்கென்று தனிப்பானையில் போட்டு வைக்கிற தாய்மார்கள். அந்த அரிசிக்கு ஒரு சாகசமாவது திருப்பித் தரவேண்டாமா? ஆகவே என் கடிதங்களில் ஆறுகள் பெருக்கெடுக்கும், பாதைகள் வழுக்கும். அந்த முறை கடைசிப் பத்தியில் வழக்கம்போல் ஒரு வரி சேர்த்தேன்: “என் துணைவியாரும் ஊழியத்தில் எனக்கு ஒத்தாசையாக இருக்கிறார்கள்.”

எழுத்துப்பிழை பார்ப்பது வீட்டம்மா. சிவப்பு மையால் மூன்று ஒற்றுப்பிழைகளைத் திருத்திவிட்டு, இந்த வரியின் கீழே மட்டும் ஒரு கோடு இழுத்து, ஒன்றும் சொல்லாமல் தாளைத் திருப்பித் தந்தாள். அந்த வாரத்தில் அவள் இரண்டு சாவுவீடுகளில் பெண்களோடு பெண்ணாகத் தரையில் உட்கார்ந்து இரவைக் கழித்திருந்தாள். தையல் வகுப்பு நடத்தினாள். நள்ளிரவில் பிரசவ வலி கண்ட ஒருத்தியைப் பிக்கப்பில் ஏற்றி மாவட்ட ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனாள். வண்டியின் பின்தட்டில் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். கடிதத்தில் அது “நாங்கள் இரவென்றும் பாராமல் விரைந்தோம்” என்று இருந்தது.

மறுநாள் அவள் பெண்கள் சங்கக் கூட்டத்துக்கென்று வெளியூர் போய்விட்டாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு கைப்பம்பு வரிசையில் நின்றேன். மனைவி உள்ள ஆண்மகன் தண்ணீர் வரிசையில் நின்றால் டெட்சாவில் அது செய்தி. மத்தியானத்துக்குள், வீட்டில் சண்டை என்று முடிவுகட்டி, மூப்பர்கள் மாமரத்தடியில் பாய் விரித்துவிட்டார்கள்.

இங்கே கல்யாணத்தின்போதே புருஷனுக்கு ஒருவர், மனைவிக்கு ஒருவர் என்று ங்கோஸ்வே நியமிப்பார்கள். பெரும்பாலும் தாய்மாமன். குடும்பத்தில் சண்டை வந்தால் அவர்கள்தான் உட்கார்ந்து தீர்க்கவேண்டும். எங்கள் ங்கோஸ்வே எங்கே என்று கேட்டார்கள். மாமாக்கள் தூத்துக்குடியில் இருக்கிறார்கள், வர இயலாது என்றேன். அப்படியென்றால் சபை நியமிக்கும் என்றார்கள். அவள் ஊர் திரும்பியதும் விசாரணை. அவளுக்கு ங்கோஸ்வேயாக இருக்க மூன்று மூப்பர்கள் போட்டியிட்டார்கள். எனக்கு யாரும் முன்வரவில்லை. வெகுநேரம் கழித்து, ஐந்து தம்பாலாப் பெரியவர் தடியை ஊன்றி எழுந்து, பழைய கொடுக்கல் வாங்கல் உறவின் பேரில் தாமே இருப்பதாகச் சொன்னார்.

சண்டைக்குக் காரணம் கேட்டதில் கடிதம் வெளியே வந்தது. அதன் அந்த ஒத்தாசை வரி சிச்சேவாவில் வாசிக்கப்பட்டது. கூட்டத்தில் ஒரு நீண்ட “ஆ” எழுந்தது. என் தரப்பு வாதத்தைப் பெரியவர் இப்படி வைத்தார்: “இவரைக் குற்றம் சொல்லக்கூடாது. கடைக்காரர் வம்சம். சரக்கு யாருடையதாக இருந்தாலும் கணக்கைத் தன் பேரில்தான் எழுதுவார்கள். இவருடைய உறவினரும் அப்படித்தான்.” இதற்கு மேல் எனக்காக யாராலும் வாதாட முடியாது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். வீட்டம்மா சித்தேஞ்சேத் துணியின் முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து மூப்பர்கள் தீர்ப்பை இன்னும் கொஞ்சம் கடுமையாக்கினார்கள். அடுத்த கடிதத்தை அம்மாள் எழுதவேண்டும். அபராதமாக நான் ஒரு கோழி தரவேண்டும்.

கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது அந்தச் சேவல்தான். இரண்டு கொத்து வாங்கிக்கொண்டு பிடித்துப் போனேன். அது அம்மாளின் சேவல், அதைக் கொடுக்க உமக்கு உரிமை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சந்தையில் ஏசாயாவின் குரலில் பேரம் பேசி வேறொன்று வாங்கினேன்.

அவள் எழுதிய கடிதம் ஒரே பக்கம். தையல் மிஷின்களுக்கு ஊசி தீர்ந்துவிட்டது, ஜூலையில் இங்கே குளிர், கம்பளிச் சட்டை அனுப்பினால் உபயோகம், அந்தப் பிரசவத்தில் பெண் குழந்தை, இருவரும் சுகம், என் வீட்டுக்காரர் இப்போது தண்ணீர் எடுக்கிறார், அவர் முதுகுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். ஆற்றுவெள்ளம் ஒன்றுகூட இல்லை. யார் இதைப் படிப்பார்கள் என்று மனதுக்குள் நினைத்தேன். என் சாகசங்களுக்கெல்லாம் வராத பதில்கள் வந்தன. ஊசி வந்தது. ஒரு பாட்டி, தம் பேத்தியிடம் சொல்லி எழுதவைத்து, என் முதுகுக்குத் தைலமும் எப்படித் தேய்ப்பது என்ற குறிப்பும் அனுப்பியிருந்தார். தேய்க்கவேண்டியவள் பெயருக்குத்தான் உறை.

இந்த வருஷம் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம். மிஷனரி ஞாயிறன்று வரச்சொல்லிச் சேகர குருவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. அம்மா அவர்கள் தேவசெய்தி கொடுக்கவேண்டுமென்று சபையார் வாஞ்சிக்கிறார்கள். ஐயா அவர்களுக்குச் சரீர சுகம் இருந்தால் ஆரம்ப ஜெபத்தை நடத்திக் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார். நான் உடனே உட்கார்ந்து ஆரம்ப ஜெபத்தை எழுதிவிட்டேன். நாலு பக்கம் வந்திருக்கிறது, இரண்டு ஆறுகளோடு. வீட்டம்மா சிவப்புப் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.